பூட்டாத கொண்டி

எனக்கு லைசென்ஸ் கிடைத்துவிட்டது. சிரிக்காதே. ஐம்பத்தெட்டு வயதில், படி ஏறினால் முழங்கால் கெஞ்சுகிற காலத்தில், இந்த ஆள் டிராக்டரும் டிரெய்லரும் ஓட்டலாம் என்று முத்திரை குத்திய சின்னப் புத்தகம் ஒன்று என் மேசைமேல் கிடக்கிறது. போட்டோ ஒட்டிய பசை இன்னும் சரியாகக் காயவில்லை. திறந்தால் அந்த வாடை வருகிறது. போட்டோவில் இருக்கிறவனைப் பார்த்தால் அவனிடம் ஒரு மூட்டை பருத்தி வாங்கக்கூட யோசிப்பேன்.

டெஸ்டுக்கு மைதானத்தில் இரண்டு கம்பு நட்டு, நடுவே டிரெய்லரைப் பின்னால் விடச் சொன்னார்கள். நீ சொன்னதை நினைத்துக்கொண்டு விட்டேன். "டிரெய்லரு ஒம் மச்சினன் மாதிரிலே. வலப்பக்கம் போகணும்னா ஸ்டீரிங்க இடப்பக்கம் ஒடி. நேர்மாறாச் சொன்னாத்தான் கேப்பான்." ஒரு கம்பும் விழவில்லை.

பிரேக் இன்ஸ்பெக்டர் சின்ன வயசுக்காரர். நான் இறங்க ஒரு கை கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"அண்ணாச்சி, இந்த வயசுல ஒங்களுக்கு எதுக்கு இது? டிரைவர் வச்சிக்கிட மாட்டீயளா?"

"தோப்புக்குத் தேவைப்படுது சார்."

பொய். எனக்குத் தோப்பும் கிடையாது, இப்போது டிராக்டரும் கிடையாது.

"சரி, ஒரே கேள்வி. வயல்ல நின்ன வண்டிய ரோட்டுல ஏத்துறதுக்கு முன்னால மொதல்ல என்ன செய்யணும்?"

"பிரேக் பெடல் ரெண்டையும் ஒண்ணாச் சேத்துக் கொண்டியப் போடணும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இதை யாரும் சொல்றதே இல்ல. ஒங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

நான் கேட்காதவன்போல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் இந்தப் புத்தகம் என் பையில் இருந்திருந்தாலும் பேச்சியம்மாள் செத்துத்தான் இருப்பாள். ஆனால் அந்தச் சாவு உன் பேரில் எழுதப்பட்டிருக்காது. உன் பேரில் இருக்கிற பழி என்னுடையது. நீ போன பிறகு அதை இறக்கி வைக்க இடம் தேடி நாலு வாசல் ஏறிவிட்டேன். ஒரு வாசலிலும் நடக்கவில்லை. அதைத்தான் உனக்கு எழுதுகிறேன்.

நாம் ஒரே தெரு. பதினெட்டு வயதில் நீ பட்டாளத்துக்குப் போனாய், நான் பருத்தி அடுக்கி வைக்கிற கிட்டங்கியில் மூட்டை தூக்கப் போனேன். பனியிலும் மலையிலும் லாரி ஓட்டிவிட்டு நீ பென்ஷனோடு ராஜபாளையம் திரும்பியபோது, நான் மூட்டை தூக்கிய அதே கிட்டங்கியை வாங்கியிருந்தேன். சுற்று ஊர்களில் பருத்தி வாங்குவது, பெண்களை வைத்துத் தரம் பிரிப்பது, கொட்டை நீக்குகிற அரவை ஆலைகளுக்கு ஏற்றுவது. இதுதான் தொழில். எண்பதுகளின் நடுவில், மாட்டு வண்டிகளோடு மல்லுக்கட்ட முடியாமல், பழைய டிராக்டர் ஒன்றும் டிரெய்லரும் வாங்கினேன். என் பேரில் அல்ல. தேவதானத்தில் வயல் வைத்திருந்த மச்சினன் பேரில், விவசாய வண்டி என்று பதிந்தேன். வரி மிச்சம். ஓட்டுவதற்கு உன்னைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டு, பெரிய சாமர்த்தியம் பண்ணிவிட்டவன்போல உன்னிடம் சொன்னேன்.

நீ வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தாய். டயரைத் தட்டினாய். டிரெய்லரின் பின்பக்கம் போய் இடுப்பில் கை வைத்து நின்றாய்.

"நெல்லு ஏத்துனா வெவசாயம். ஒம் பருத்திய ஏத்துனா யாவாரம். ரெண்டுக்கும் ஒரே ஆர்.சி. புக்கு ஆகுமாலே?"

"ரோட்டுல எவன் கேக்கப் போறான்?"

"நான் கேப்பேன்."

"ஒனக்கு நான் சம்பளம் குடுக்கேன்டா."

"அதான் கேக்கேன். சும்மா ஓட்டுனா கேக்க மாட்டேன்."

வியாபாரத்துக்கு என்று வண்டியை என் பேரிலேயே திருப்பிப் பதிய வேண்டும், டிரெய்லருக்குத் தனி நம்பர் வாங்கிப் பின்னால் எழுத வேண்டும், சிவப்பு விளக்கு வேண்டும், இரண்டு மூலையிலும் வெளிச்சம் பட்டால் மின்னுகிற சிவப்பு வில்லை வேண்டும். இதெல்லாம் ஆகிற வரைக்கும் மூன்று வாரம் ஸ்டீரிங்கைத் தொட மாட்டேன் என்றுவிட்டாய். வண்டி ஷெட்டில் கிடந்தது. நீ தினமும் பத்து மணிக்கு வந்து, என் செலவில் டீ குடித்து, பேப்பர் படித்துவிட்டுப் போனாய். ஆத்திரம் தாங்காமல்தான் எல்லாவற்றையும் செய்தேன். நல்லது என்று நினைத்துச் செய்யவில்லை.

பருத்திக்கு இடம்தான் அதிகம் வேண்டும், எடை கிடையாது. அதனால் எல்லோரும் டிரெய்லருக்கு இரண்டு பக்கமும் பிதுங்க விட்டு, வீட்டு மாடி உயரத்துக்கு அடுக்குவார்கள். அப்போதெல்லாம் ரோட்டோரப் புளியமரக் கிளைகளில் பருத்தி பூத்திருக்கும். பின்விளக்கு மூட்டைக்குள் புதைந்து கிடக்கும். நீ டிரெய்லர் பலகையைத் தாண்டி ஒரு சாண் வெளியே விடமாட்டாய். மற்றவர்கள் இரண்டு நடையில் முடிக்கிற சரக்கை நீ மூன்று நடை அடிப்பாய். உன்னை முந்திப் போகிற டிரைவர்கள் கத்துவார்கள்.

"என்ன பட்டாளம், பொண்ணழைப்புக்கா போறீய? இம்புட்டு மெதுவா?"

"ஆமாலே. பொண்ணு பத்திரமா வீடு போய்ச் சேரணும்லா?"

டிராக்டரில் வலது காலுக்கு இரண்டு பிரேக் பெடல் உண்டு. வயலில் அவை தனித்தனி. ஒன்றை மட்டும் மிதித்தால் அந்தப் பக்கத்துச் சக்கரம் மட்டும் நிற்கும், வண்டி நின்ற இடத்திலேயே திரும்பும். சேற்றில் அது வசதி. ரோட்டில் அது எமன். அதனால் ரோட்டுக்கு வருமுன் இரண்டையும் ஒரு இரும்புக் கொண்டியால் இணைத்துவிட வேண்டும். நீ சீட்டில் உட்கார்ந்ததும் முதலில் குனிவாய். டக்கென்று ஒரு சத்தம் கேட்கும். "வயல்ல ரெண்டு காலு, ரோட்டுல ஒத்தக் காலு," என்பாய். அந்தச் சத்தம் கேட்காமல் நீ சாவியைத் திருகி நான் பார்த்ததில்லை. நூறு தடவைக்கு மேல் அதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். நான் பார்த்துக்கொண்டு மட்டும்தான் நின்றிருக்கிறேன்.

ஆளை ஏற்றுவது உன் கணக்கிலேயே கிடையாது. சுமை தூக்குகிறவர்களை மூட்டைமேல் உட்கார வைத்து அனுப்பலாமே என்றபோது சொன்னாய்: "மூட்ட கீழ விழுந்தா எடுத்து வச்சிக்கிடலாம்லே." அவர்கள் பஸ்ஸில் போனார்கள்.

இனிமேல் எழுதப்போகிறது உனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் ஒரு தடவையாவது நடந்தது நடந்தபடி தாளில் இருக்கட்டும்.

புரட்டாசிச் சனிக்கிழமை என்றால் ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டிய திருவண்ணாமலைக் குன்றில் இருக்கிற பெருமாள் கோயிலுக்கு நம் பக்கத்து ஊர்களெல்லாம் டிராக்டரில் போகும். டிரெய்லரில் வைக்கோல் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரித்து, முப்பது பேர் நாற்பது பேர். தன்னிடம் வேலை பார்க்கிறவர்களுக்கு வண்டி விடுவது முதலாளிக்குக் கௌரவம். அந்த வருடம் பக்கத்துக் கிட்டங்கிக்காரர் இரண்டு வண்டி விட்டார். நம் கிட்டங்கியில் பருத்தி பிரிக்கிற பேச்சியம்மாள், அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று உனக்குத் தெரியும், எல்லோர் நடுவிலும் கேட்டாள்.

"மொதலாளி, பக்கத்துக் கிட்டங்கியில ரெண்டு வண்டி விடுதாவளாம். நம்ம வண்டிக்கு மட்டும் பெருமாளப் பிடிக்காதோ?"

முப்பது பெண்கள் சிரித்தார்கள். "மூணாவது சனிக்கிழம காலையில எல்லாரும் வந்துருங்க," என்றேன். உன் பக்கம் திரும்பவே இல்லை.

பிறகு ரூமுக்குள் வந்து, "வேன் பிடி," என்றாய்.

"வேன்ல போனா அது எவன் வண்டியோ. என் வண்டின்னு ஊருக்குத் தெரியணும்."

"ஊருக்குத் தெரிஞ்சு?"

நான் கணக்கு நோட்டைப் பிரித்தேன்.

வியாழனும் வெள்ளியும் டிராக்டர் தேவதானத்தில் மச்சினன் வயலில் நடவுக்குத் தொழி உழுதது. சனிக்கிழமை விடிகிற நேரத்துக்கு அவனுடைய ஆள் கொண்டுவந்து விட்டுவிட்டு, சாவியை வண்டியிலேயே வைத்துப் போய்விட்டான். சேற்றில் எப்படி ஓட்டினானோ அப்படியே கொண்டுவந்திருந்தான். டிரெய்லரை மாட்டி ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தபோது நீ சைக்கிளில் வந்தாய். நேராக வண்டிக்கு முன்னால் போய் நின்றாய்.

"எல்லாரும் எறங்குங்க."

"ஏறுங்க எல்லாரும்," என்றேன் நான்.

அவர்கள் உன் முகத்தைப் பார்த்தார்கள், என் முகத்தைப் பார்த்தார்கள். சம்பளம் கொடுக்கிற முகத்தின் சொல்படி இருந்த இடத்திலேயே இருந்துவிட்டார்கள்.

"நான் எடுக்க மாட்டேன்," என்றாய்.

"எடுக்காட்டாப் போ. எனக்கு ஓட்டத் தெரியும்."

"கிட்டங்கி முத்தத்துல முன்னயும் பின்னயும் எடுத்தது ஓட்டுறதாலே? செத்த நேரம் பொறு. பஸ் ஸ்டாண்டுல போயி வேன் பிடிச்சிட்டு வாரேன். அர மணி நேரம். ஏலே, அர மணி நேரந்தான் கேக்கேன்."

சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனாய். பத்து நிமிடம் பொறுத்தேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். ஐந்து நிமிடம்கூட இருக்காது. பக்கத்துக் கிட்டங்கியின் இரண்டு வண்டிகளும் நம் வாசலைத் தாண்டி, "கோவிந்தா" என்று கூவிக்கொண்டு போயின. யாரோ ஒருத்தன், "பட்டாளத்தார் உத்தரவு இன்னும் வரலையாக்கும்?" என்று கத்தினான். நான் ஏறி உட்கார்ந்தேன். குனியவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டுகிறவரைக்கும் பிரேக்குக்கு வேலையே இல்லை. மெதுவாகத்தான் போனேன். கோயில் ரோட்டில் திரும்பிய பிறகு கண்மாய்க் கரை ஏறி இறங்குகிற இடத்தில், ஏற்றத்துக்காகக் கொடுத்த வேகத்தை இறக்கத்தில் குறைக்கவில்லை. பின்னாலிருந்து பேச்சியம்மாள் குரல்.

"மொதலாளி, மெல்லப் போங்க. பெருமாள் எங்கயும் எந்திரிச்சு ஓடிற மாட்டாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். திருப்பத்தில் பஸ் வந்தது. பிரேக்கை மிதித்தேன். என் செருப்பு ஒரு பெடலில்தான் பட்டது, வலது பெடல். வண்டி வலப்பக்கம் வெட்டிப் பாய்ந்தது. பின்னால் இருந்த முப்பது பேருடைய கனம் அதைப் பிடரியில் கை வைத்துத் தள்ளியது. பஸ்காரர் ஒதுக்கிவிட்டார். டிரெய்லர் கரையிலிருந்து சரிந்து பக்கவாட்டில் படுத்தது.

பேச்சியம்மாள் பலகைக்கு அடியில் இருந்தாள். மற்றவர்களுக்குக் கை, கால், தலை. அவளுடைய ஒன்பது வயது மகள் செல்வி அன்று சித்தி வீட்டில் இருந்ததால் வரவில்லை.

கால் மணி நேரத்தில் நீ வந்தாய், ஒரு காலி வேனோடு. அரைமணி நேரம் கேட்டவன் சொன்னபடி வேன் பிடித்து வந்து, வாசலில் எங்களைக் காணாமல் பின்னாலேயே துரத்தி வந்திருக்கிறாய். அந்த வேனில்தான் அடிபட்டவர்களை ஏற்றி அனுப்பினாய். பிறகு கரைமேல் உட்கார்ந்திருந்த என்னிடம் வந்தாய்.

"எங்கிட்ட லைசென்ஸ் இல்லடா," என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். என் தொழிலில் நான் எதையும் வாய்விட்டுக் கேட்டதில்லை. சரக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வேன். எதிரில் இருக்கிறவன் தானாகவே விலை சொல்லுவான். அன்றைக்கும் அதைத்தான் செய்தேன். உன்னிடம், அந்த இடத்தில். அன்று இல்லை என்று சொன்னதைத்தான் இப்போது வாங்கி வைத்திருக்கிறேன்.

நீ டிராக்டர் அருகே போய்க் குனிந்தாய். கொண்டி தொங்கிக்கொண்டிருந்தது. குனிந்தபடியே ரொம்ப நேரம் நின்றாய்.

"போலீஸ் வாரதுக்குள்ள அதப் போட்டு விட்டுரு," என்றேன்.

"வேண்டாம்லே. நான் ஒரு பொய் சொல்லப் போறேன். அதுக்குமேல ஒண்ணையும் தொடமாட்டேன்."

போலீஸ் வந்து யார் ஓட்டியது என்று கேட்டபோது, "நாந்தான்யா," என்றாய். பட்டாளத்தில் நிற்கிற மாதிரி நேராக நின்று சொன்னாய். வேனில் இடமில்லாமல் பின்தங்கிய பத்துப் பதினைந்து பேர் அங்கேயே இருந்தார்கள். நான் ஓட்டியதை வழி முழுக்கப் பார்த்தவர்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. திறக்காதீர்கள் என்று நான் சொல்லவும் இல்லை. தேவைப்படவில்லை.

வண்டியைச் சோதித்தவர்கள் பிரேக்கில் குறை இல்லை, கொண்டி போடாமல் ரோட்டில் ஓட்டியது டிரைவரின் கவனக்குறைவு, அதோடு ஆள் ஏற்றியது குற்றம் என்று எழுதினார்கள். உலகத்தில் எந்த இரண்டு தப்பை நீ செய்யவே மாட்டாயோ அந்த இரண்டையும் உன் பேரில் எழுதினார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு ஐந்து வருடம் நடந்தோம். வாய்தா நாளில் ஒரே பஸ்ஸில் போவோம், ஒரே சீட்டில். ஒருநாள் பஸ்ஸில் உன்னிடம் கேட்டேன், ஏன் இப்படிச் செய்தாய் என்று. ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே சொன்னாய்.

"வண்டியில சாவி இருந்துச்சு. அத நான் எடுத்துட்டுப் போயிருக்கணும்லா? வண்டியில சாவிய விட்டுட்டுப் போறது டிரைவரு தப்பு."

நீ அதை நிஜமாகவே நம்பினாய். அப்படியெல்லாம் இல்லை என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். நீ நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

வண்டிச் சொந்தக்காரன் என்ற முறையில் என்னைக் கூண்டில் ஏற்றி, அன்று ஓட்டியது யார் என்றார்கள். உன்னைக் கை காட்டினேன். அரசாங்க வக்கீல் உன்னைப் பார்த்து, "இத்தனை வருஷம் ராணுவத்துல ஓட்டியவருக்கு இந்தக் கொண்டியைப் போடணும்னு தெரியாதா?" என்று கேட்டார். ஐந்து வருடத்தில் உன் முகம் மாறியதை அந்த ஒரு தடவைதான் பார்த்தேன். ஜட்ஜ் தண்டனை படித்தபோதுகூட அப்படி மாறவில்லை. "மறந்துட்டேன்யா," என்றாய்.

ஆறு மாதம். அப்பீலிலும் நிலைத்தது. லைசென்சும் போனது.

நீ வெளியே வந்த பிறகு கிட்டங்கிக்கு மேனேஜராக வா என்று கூப்பிட்டேன். வரவில்லை. மில் ஒன்றில் வாட்ச்மேனாகச் சேர்ந்தாய். எனக்குத் தாங்க முடியாமல் போனது அதுவல்ல, வேறு. காலையில் வேலை முடிந்து வருகிற வழியில் முக்கு ரோட்டில் நின்றுகொண்டு, வயலிலிருந்து ஏறுகிற டிராக்டர்களை நிறுத்தி, "தம்பி, கொண்டி போட்டுட்டியா?" என்று கேட்பாய். ஒருநாள் நான் ஸ்கூட்டரில் அந்த வழியே வந்தேன். ஒரு டிரைவர், இருபது வயசு இருக்கும், வண்டியை நிறுத்தாமலே சொன்னான்.

"ஆளக் கொன்னவரு புத்தி சொல்ல வந்துட்டாரு. ஒதுங்கும்வே."

டிரெய்லரில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நீ ஒதுங்கினாய். என்னைப் பார்த்துவிட்டு, பார்க்காதவன்போலச் சைக்கிளில் ஏறினாய். மறுநாளிலிருந்து அந்த முக்கில் நீ நிற்கவில்லை. ஊரில் அந்த ஒரு விஷயத்தைச் சொல்லத் தகுதி உள்ளவன் நீ ஒருத்தன்தான். அதையும் நான் உன்னிடமிருந்து எடுத்துவிட்டேன். ஜெயில் ஆறு மாதத்தில் முடிந்தது. இது நீ சாகிறவரை முடியவில்லை.

போன பங்குனியில் காய்ச்சல் என்று படுத்தாய். நாலாவது நாள் செய்தி வந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு உன் வீட்டுக்குள் போனேன். உன் மனைவி பாத்திரங்களைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பெரிய ரகசியத்தை உடைக்கிறேன் என்று எண்ணம்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும்ணே."

"அவன் சொன்னானா?"

"அவிய ஒண்ணும் சொல்லல. கொண்டி போடாம அவிய வண்டி எடுத்திருப்பாகன்னு நான் நம்புவேன்னா நெனச்சீய? பக்கத்துத் தெருவுக்குச் சைக்கிள்ல போறதுக்கே ரெண்டு தடவ பிரேக்கப் பிடிச்சுப் பாக்குற மனுசன். ஊரு நம்புச்சு. நான் நம்பல."

"பின்ன ஏன் தாயி, ஒரு நாளும் என்னக் கேக்கல?"

"கேட்டா? அவிய சொன்ன பொய்ய நானே பொய்யின்னு ஆக்குறதா?" கழுவிய செம்பைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு சொன்னாள்: "எங்கிட்ட எதுக்குண்ணே சொல்லுதீய? பேச்சி மகட்டப் போய்ச் சொல்லுங்க. அவ எங்க வாசலத் தாண்டுறப்பல்லாம் துப்பிட்டுப் போறா. அவிய பாடையில கெடக்கையிலயும் துப்புனா."

மறுநாள் வக்கீலிடம் போனேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்.

"அண்ணாச்சி, தண்டனை முடிஞ்சிருச்சு, அனுபவிச்சவரும் போயிட்டாரு. இப்பப் போயிச் சொன்னா நீங்க பொய்ச் சாட்சி சொன்னதுக்கு மாட்டுவீய. அவர் பேரைத் திருத்துறது அவ்வளவு லேசுல்ல. வீட்டுக்குப் போயித் தூங்குங்க."

அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. உனக்கு எழுதும்போது பொய் எதற்கு? நிம்மதிதான் வந்தது. படி இறங்கும்போதுதான் அது என்ன நிம்மதி என்று உறைத்தது.

பேச்சியின் புருஷன் இன்னும் என்னிடம்தான் சுமை தூக்குகிறான். அன்று அவனும் டிரெய்லரில் இருந்தவன். கோர்ட்டில் உனக்கு எதிராகச் சாட்சி சொன்னவன். அவனைத் தனியே கூப்பிட்டு, மகளிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்றேன். அவன் என் காலைப் பிடித்துக்கொண்டான்.

"வேண்டாம் மொதலாளி. அம்மயக் கொன்னவரு கையில சோறு தின்னு வளந்தேன்னு தெரிஞ்சா அவ என்னைய மதிப்பாளா? அந்த மனுசன்தான் போயிட்டாரே. அவருக்கு இனிமே என்ன?"

ஆக ஒருவருக்கும் வேண்டாம். நடந்தது தெரிந்தவர்களுக்கு அது வெளியே வருவதில் லாபம் இல்லை. தெரியாத ஒருத்திக்கு மட்டும் அது தேவை. அவளும் என் கிட்டங்கியில்தான் இருக்கிறாள். தாய் உட்கார்ந்த அதே வரிசையில் உட்கார்ந்து பருத்தி பிரிக்கிறாள். அவளைப் படிக்க வைக்க முயன்றேன், எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டாள். அவளுக்கு நான் செய்ததையெல்லாம் ஊர் மெச்சுகிறது. அந்த மெச்சலைக் கேட்டுக்கொண்டு நான் நின்றிருக்கிறேன்.

போன மாதம் ஒருநாள், மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில், அவளைக் கூப்பிட்டேன். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் கூப்பிட்டேன்.

"செல்வி, ஒங்கம்மா விசயமா ஒண்ணு சொல்லணும்."

அவள் தலையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டுச் சிரித்தாள். பேச்சியின் அதே சிரிப்பு.

"நானே சொல்லணும்னு இருந்தேன் மொதலாளி. எனக்கு மாப்ள பாத்திருக்காவ, சேத்தூர்ப் பக்கம். தாலிய நீங்கதான் எடுத்துக் குடுக்கணும். எங்கம்மா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பா. அந்தப் பட்டாளத்துக்காரன் மட்டும் ஒழுங்கா ஓட்டியிருந்தான்னா அவளும் பக்கத்துல நின்னிருப்பா." பிறகு, "நீங்க என்னமோ சொல்ல வந்தீயளே?" என்றாள்.

"கல்யாணச் சேல நான் எடுத்துத் தாரேன்னு சொல்ல வந்தேன்," என்றேன்.

ஐப்பசியில் கல்யாணம். தாலியை நான்தான் எடுத்துக் கொடுக்கப் போகிறேன். கொடுக்கிற கை நடுங்காது, அது எனக்குத் தெரியும். எத்தனையோ பேரம் முடித்த கை. நாளைக் காலையிலும் கிட்டங்கி கேட்டைத் திறந்ததும் முதல் ஆளாக அவள்தான் வருவாள். "வாரேன் மொதலாளி," என்பாள். "வா தாயி," என்பேன். வருகிற வழியில் உன் வாசலைத் தாண்டித்தான் வந்திருப்பாள்.